இடப் பக்கத்துப் பஞ்சு

மின்விசிறித் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாம்புக்காது என்றால்தான் தெரியும். கடைசி மேசை அவருடையது. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியை வலது காதோடு அழுத்திக்கொள்வார். இரண்டு மூச்சு விடும் நேரம்தான். பேரிங்கில் மணல் அளவு பிசிறு இருந்தாலும் மோட்டார் தள்ளுபடி. ஒருமுறை நிர்வாகம் இரைச்சலை அளக்கும் மிஷின் ஒன்றை வாங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மிஷின் விட்டதை எல்லாம் இவர் பிடித்தார். மிஷின் பீரோவுக்குள் போனது. பத்தொன்பது வருடமாக அவருக்குச் சோறு போடுவது அந்தக் காதுதான், மரியாதை வாங்கித் தந்ததும் அதுதான். அதை எடுத்துவிட்டால் மனிதரிடம் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து ஹெட்போன்களைப் பிரித்துப் போடுவார். தோல் உரிந்த குஷனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே தைத்த குஷனை மாட்டுவார். சிக்கு விழும் ஒயருக்குப் பதில் நூல் சுற்றிய ஒயரைச் சூடு வைத்துப் பற்றவைப்பார். காதுக் கிண்ணங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று கோட் கரும்பச்சை அடிப்பார். கடையில் வைத்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் அவருடைய பெருமை வெளியே இல்லை, உள்ளே இருந்தது.

உலகத்தில் எந்தக் கம்பெனிக்காரனும் ஹெட்போனின் இடப் பக்கத்தை ஒழுங்காகச் செய்வதில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அவரிடம் நான்கு ஹெட்போன்கள், நான்கும் வேறு வேறு கம்பெனி. நான்கிலும் இடப் பக்கம் ஊசி குத்துவதுபோல் கூர்மை, வலப் பக்கம் மந்தம். அதனால் இடது ஸ்பீக்கருக்கு முன்னால் சிட்டிகை சிட்டிகையாகப் பஞ்சு வைப்பார். வைத்துக் கேட்பார், மறுபடி வைப்பார். இரண்டு பக்கமும் சமமான பிறகுதான் ஸ்க்ரூவை முடுக்குவார். நான்கு கம்பெனிகளும் கூடிப் பேசி ஒரே தப்பைச் செய்திருக்குமா என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. இந்த மாதிரி முட்டாள்தனம் கெட்டிக்காரர்களுக்குத்தான் வாய்க்கும்.

ஐந்தாவது ஹெட்போன் மச்சானுடையது. மனைவியின் தம்பி. புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வார்கள் இல்லையா, அந்தப் பதிவுகளை வீட்டில் உட்கார்ந்து செப்பனிட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. குஷனை மாற்றி, கொஞ்சம் அழகு பண்ணிக் கொடுங்கள் என்று மட்டும்தான் கேட்டிருந்தான். ஒலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனாலும் இவருக்குக் கை சும்மா இருக்குமா?

அடுத்த ஞாயிறு காலையிலேயே அவன் ஹெட்போனோடு வந்து நின்றான்.

"பாக்கறதுக்குக் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு மாமா. ஆனா இதப் போட்டுக்கிட்டு ஒரு பதிவ சரி பண்ணி அனுப்புனேன். இடது பக்கம் கத்துது, வலது பக்கம் முனகுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அவங்களுக்குக் காது சரியில்ல மாப்ள."

"மூணு பேர் கேட்டிருக்காங்க."

"மூணு பேருக்குமே சரியில்ல."

உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சிரிப்பது மச்சானுக்குக் கேட்டது. அவன் இடது கிண்ணத்தைக் கழற்றிப் பஞ்சை இழுத்தான். வந்துகொண்டே இருந்தது.

"என்ன மாமா இது, தலையணையா?"

"அது இல்லைன்னா இடது பக்கம் குத்தும். இப்ப நீயே கேளு."

கேட்டான். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்றான். அக்காவைக் கூப்பிட்டு அவள் தலையிலும் மாட்டினான். அவளும் அதையே சொன்னாள்.

"அப்ப எனக்குத்தான் பைத்தியமா?"

"அப்படி யார் சொன்னா? ஒரே ஒரு தடவ திருப்பிப் போட்டுப் பாருங்க. இடத வலதுல."

"இடது வலது தெரியாதவன்தான்டா திருப்பிப் போடுவான்."

மச்சான் வாதத்தை வளர்க்காமல் அக்காவோடு சமையலறைக்குப் போய்விட்டான்.

அவன் மூக்கை உடைக்கத்தான் பாம்புக்காது ஹெட்போனைத் திருப்பிப் போட்டார். குத்தல் இப்போது வலது காதுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடது காதிலேயே குத்தியது. கழற்றி, ஊதி, மறுபடி போட்டார். பிறகு தன் நான்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பஞ்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் போட்டார். நான்கு கம்பெனிகளும் நிரபராதிகள். மேசை மேல் ஒரு கைப்பிடி பஞ்சு சேர்ந்திருந்தது. அவருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மச்சான் திரும்பி வந்தபோது, "உன்னோடது சரியாத்தான் இருக்கு மாப்ள. எடுத்துட்டுப் போ" என்றார். அவன் அக்காவைப் பார்த்தான். மூன்று மாதமாக டிவி சத்தத்துக்காகத் தினமும் சண்டை போட்டவள் அவள். அன்று ராத்திரி அவளே சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

திங்கட்கிழமை கடைசி மேசையில் முதல் மோட்டார் ஓடியது. பழக்கத்தில் பிடி வலது காதுக்குப் போனது. சுத்தம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இடது காதுக்கு மாற்றினார். பேரிங் கரகரத்தது. தள்ளி வைத்தார். அடுத்த மூன்றும் பழுதில்லை. ஐந்தாவது, வலது காதில் சுத்தம், இடது காதில் கரகரப்பு.

"என்னண்ணே, இன்னைக்கு அந்தப் பக்கமா கேக்கறீங்க?" என்றாள் பேக்கிங் பெண்.

"சும்மா."

இடது காது நன்றாகத்தான் வேலை செய்தது. இனி அதை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. பாம்புக்காது பாம்புக்காதாகவே ஓய்வு பெறலாம். அப்படித்தான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வாசலில் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. சனிக்கிழமை அவர் கேட்டுச் சரியென்று விட்ட மோட்டார்கள் அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. முதல் பெட்டியை ஏற்ற இரண்டு பேர் குனிந்தார்கள்.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

"ஏத்தாதீங்க."

"ஏண்ணே? எல்லாம் பாத்தாச்சே. உங்க முத்திரை இருக்குதே" என்றாள் பேக்கிங் பெண்.

"அதனாலதான் சொல்றேன். எல்லாத்தையும் பிரிங்க." பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார். "அப்படியே மேனேஜர்கிட்ட பீரோ சாவி வாங்கிட்டு வாம்மா. அந்த மிஷின வெளிய எடுக்கணும்."