ஒரு நூல் இறக்கம்

அக்கா தையல் மெஷினின் இழுப்பறையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தபோது உள்ளே பொத்தானோ கொக்கியோதான் இருக்கும் என்று தம்பிக்காரன் நினைத்தான். அவள் மூடியைத் திறந்தாள். அவன் கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து கால்சட்டையில் கொட்டியது, சூடுகூட உறைக்கவில்லை. டப்பாவில் ஒரு கார் இருந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம், கருநீலம். கூரை நசுங்கியிருந்தது, முன்கண்ணாடியைக் காணோம், பின்சக்கரம் ஒன்று கழன்று மூலையில் கிடந்தது. எட்டு மாதங்களுக்கு முன்னால் காவல் நிலையத்தில் கொடுத்த பையில், அக்கா புருஷனான மாமாவின் கைக்கடிகாரத்தோடும் ஒற்றைச் செருப்போடும் இதுவும் வந்ததாம். அவன் கையால் செய்த கார்தான். இத்தனை நாளும் அது விபத்து நடந்த இடத்திலேயே தொலைந்தது என்று நினைத்து அவன் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தான்.

"இத சரி பண்ணிக் குடுடா," என்றாள் அக்கா. "மாமா வண்டி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். படத்துக்குப் பக்கத்துல வைக்கணும்."

"பாக்கறேன்க்கா. நிறைய உடைஞ்சிருக்கு."

"உன் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

தம்பிக்காரனுக்குப் பிழைப்பு பல் செட்டு செய்வது. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து, முகம் தெரியாத வாய்களுக்கு மெழுகில் பல்வரிசை நிறுத்த வேண்டும். ஒரு பல் இம்மி உயர்ந்தாலும் வாய்க்காரர் மறுநாளே வந்து சண்டைக்கு நிற்பார். நாள் முழுக்க இளித்துக்கொண்டிருக்கும் முப்பது நாற்பது வரிசைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தும் அவன் பல் தெரியச் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்தச் சிரிப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எடுத்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கார் கட்டும் நாள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, வண்ணம் ஊதி, நிஜ வண்டியில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில் ஒரு காரைச் செய்து முடிக்க அவனுக்கு நாலைந்து மாதம் பிடிக்கும். பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டி வைப்பது அவனுக்குப் பிடிக்காது. கதவை அறுப்பான், விளக்கை மாற்றுவான், இருக்கைக்குத் தையல் கோடு போடுவான். நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. "இவன் கட்டினா கார்தான் கட்டுவான், தாலி கட்ட மாட்டான்," என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மாமாவுக்காகத்தான் கருநீலக் காரைச் செய்தான். மாமா வைத்திருந்தது யாரோ ஓட்டித் தள்ளிய பழைய வண்டி. ஆனால் காலையில் எழுந்ததும் மனைவி முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ வண்டி முகத்தைப் பார்த்துவிடுவார். அந்த வண்டிக்கு நேரான பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. அதன் பங்காளி போலிருந்த இன்னொரு வண்டியின் பெட்டியை வாங்கி, மூக்கை அறுத்து, பின்பக்கத்தைப் பூச்சு வைத்து வளர்த்து, மாமா வண்டியாக்கினான். பிரேக் விளக்குக்குச் சரியான சிவப்பு அமையவில்லை. கடைசியில் பல் செட்டில் ஈறு செய்கிற பசையில் சிவப்பைக் கலந்து வார்த்தான். அது தெரிந்த நாளிலிருந்து மாமா பிரேக் பிடிக்கும்போதெல்லாம், "வண்டி ஈறு தெரியச் சிரிக்குதுடி," என்று அக்காவிடம் சொல்வாராம்.

எல்லாம் முடித்து மேசையில் நிறுத்தியபோது ஏதோ இடித்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி அதிகம். வண்டி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடப்பவளைப் போல நின்றது. அச்சைக் கழற்றி ஒரு நூல் இறக்கினான். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சக்கரத்தையும் கொஞ்சம் அகலமாகப் போட்டான். உடனே வண்டிக்கு ஒரு தோரணை வந்துவிட்டது. பின்சக்கரம் மட்டும் விளிம்பில் பட்டுச் சுற்றவில்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா அதை முதலில் மேசைமேல் உருட்டித்தான் பார்த்தார். "பின்னாடி சக்கரம் சுத்தலையே மாப்ள?"

"ஷோகேஸ் வண்டி மாமா. இது எங்க போகப் போகுது?" என்றான் தம்பிக்காரன்.

மூன்று வாரம் கழித்து வாசலில் ஹார்ன் விடாமல் அடித்தது. வெளியே போனால் மாமா வண்டியின் மேல் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "உன் வண்டி வந்திருக்கு, பாரு!" என்றார். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கி, அகலச் சக்கரம் போட்டு, உள்ளே டேஷ்போர்டில் அந்தக் குட்டிக் காரையும் ஒட்டிவைத்திருந்தார். தம்பிக்காரன் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். அவன் மேசையில் நின்ற அதே வண்டி, அதே தோரணை, உயிரோடு நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் செய்த ஒன்று தெருவுக்கு வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவனுக்குக் கண் மறைத்தது என்று சொல்ல முடியாது. அவன் கண்தான் எதையும் விடாதே. ஒரு நூலை இருபத்துநாலால் பெருக்கினால் மூன்று அங்குலம் என்பது அந்த நிமிஷமே அவனுக்குத் தெரியும். பொம்மைக்குப் பாரம் கிடையாது, இதற்கு உண்டு என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

ஏறியிருக்க வேண்டிய நாளும் ஒன்று வந்தது. ஒரு மாதம் போயிருக்கும். அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பின்மட்கார்டின் உள்விளிம்பில் ஒரு மெல்லிய கோடு பளபளத்தது. வண்ணம் போய்த் தகரம் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும், இங்கே எது உரசுகிறது என்று கேட்டிருப்பார்கள். தம்பிக்காரன் பொம்மை வண்டிக்காரன் அல்லவா, அவன் கண்ணுக்கு அது வண்ணம் போன இடம், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அதே கருநீலத்தைக் கலந்து எடுத்துக்கொண்டு போய், பின்சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மிகச் சின்ன பிரஷ்ஷால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டை மறைத்தான். நல்ல வேலை. அப்புறம் தேடினாலும் தெரியாது. மாமாவும் பார்க்கவில்லை.

அதற்குப் பத்தாம் நாள் மாமா போனார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு செட் சீருடை தைக்கிற வேலை அக்காவுக்கு வந்திருந்தது. துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரப் போனவர், பாலத்து வளைவில் பின்டயர் வெடித்து, எதிரில் வந்த லாரியின் அடியில் போனார். வண்டியைச் சோதித்த அதிகாரி எழுதிக் கொடுத்த தாளில் இரண்டே வரி இருந்தது: அதிக பாரம், டயர் வெடிப்பு.

அந்தத் தாளைப் படித்த நாளிலிருந்து அக்காவுக்கு ஒரே பேச்சுதான். "ரெண்டு நடையா எடுத்துட்டு வர்றேன்னு சொன்னாருடா. நான்தான் ஒரே நடையில முடிங்க, தைக்கணும்னு விரட்டினேன். நான்தான் மூட்டைய ஏத்தி அவர அனுப்பிட்டேன்." துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னாள். துணி தைக்க வந்தவர்களிடம் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் தம்பியிடம் சொன்னாள். அந்தச் சீருடைகளை மட்டும் பிடிவாதமாகத் தைத்து முடித்தாள், துவைத்தும் போகாத கறை இருந்த ஏழெட்டைத் தவிர. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுக்கா, உன் தப்பு இல்ல," என்பான். யார் தப்பு என்பதை மட்டும் சொல்ல மாட்டான். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிவெடுப்பான். ஞாயிற்றுக்கிழமை அவள் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்ததும் அந்த முடிவு டீயோடு உள்ளே இறங்கிவிடும். அவனுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் வாசலை மூடிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு அவன் எங்கே போவான்?

டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் திறக்கவில்லை. திறந்த பிறகு வேலை தன்னால் நடந்தது. கை ஒரு கூறுகெட்ட ஜென்மம், அதற்கு மனசாட்சி கிடையாது. கூரையை வெந்நீரில் காட்டி நிமிர்த்தினான். கண்ணாடி புதிதாக வெட்டினான். வண்ணம் உதிர்ந்த இடமெல்லாம் ஊதினான். இருக்கை இடுக்கில் ஒரு நூல் இழை சிக்கியிருந்தது, சீருடைத் துணியின் நிறம். இடுக்கியால் எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல், ஒரு சின்ன பல் அச்சுக்குள் வைத்து மூடினான்.

கடைசியில் சக்கரம் மிஞ்சியது. பழைய துளையில் அச்சைச் செருகினால் வண்டி மாமா வண்டியாக, அந்தத் தோரணையோடு உட்காரும். அக்கா தினமும் விளக்கேற்றும்போது சக்கரம் விளிம்பில் உரசி நிற்பதைப் பார்ப்பாள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்பாள். தம்பிக்காரன் இரண்டு நாள் யோசித்தான். பழைய துளையைப் பூச்சு வைத்து அடைத்தான். ஒரு நூல் தள்ளிப் புதுத் துளை போட்டான். ஒல்லியான சக்கரத்தை மாட்டினான். விரலால் தள்ளினால் வண்டி வெண்ணெயாக ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், அவன் ஒரு காரை ஒரு நூலில் மறைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டுபோனான். அக்கா ஒரு பேன்ட்டின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். காரை மெஷின் பலகையில், அவளுக்கு எதிரில் வைத்தான். அவள் மோட்டாரை நிறுத்திவிட்டு, கன்னம் பலகையில் படுகிற மாதிரி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே மாதிரிதான் பார்ப்பார்கள். அது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உசரமா இருக்கே."

"கம்பெனியில இருந்து வர்றப்ப இப்படித்தான்க்கா இருக்கும்."

"நான் கம்பெனி வண்டியா கேட்டேன்?" அவள் நிமிரவில்லை. சுண்டுவிரல் நகத்தைச் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தாள். "ஒரு நூல் ஏத்தியிருக்க."

அவள் தைத்துக்கொண்டிருந்த பேன்ட்டை எடுத்து மடியில் போட்டு நீவினாள்.

"இது மாமா வண்டிய இறக்கிக் குடுத்த மெக்கானிக்கோடது. போன மாசமும் ஒண்ணு கொண்டாந்தாரு. நான் வழக்கம்போல மூட்டை கதைய ஆரம்பிச்சேன். மனுஷனுக்குப் பொறுக்கல. 'அம்மா, உங்க மூட்டையால இல்லம்மா'ன்னு அழுதுட்டாரு. மாமா இந்தப் பொம்மையக் கொண்டுபோய் அவரு மேசையில வச்சு, ஸ்கேல் போட்டு அளந்து, இதே மாதிரி இறக்குன்னு ஒத்தக் கால்ல நின்னாராம். 'வேணாம் சார், பாரம் ஏத்தினா டயர் உரசும்'னு அவரு சொல்லியிருக்காரு. மாமா என்ன சொன்னாராம் தெரியுமா?"

தம்பிக்காரன் அவள் மடியிலிருந்த பேன்ட்டையே பார்த்தான்.

"'என் மச்சினன் கை அது. அளவு தப்பாது'ன்னாராம்."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"அதுக்கப்புறந்தான் டப்பாவ எடுத்து உன்கிட்ட குடுத்தேன். இதப் பாத்தாவது வாய் தொறப்பேன்னு பாத்தேன். எட்டு மாசமா நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு உன் எதிர்ல பொலம்பினேனேடா. நான் போட்ட டீயக் குடிச்சுக்கிட்டே எப்படிடா கேட்டுக்கிட்டு இருந்த?"

"அக்கா, சொல்லணும்னு ஒவ்வொரு வாரமும்…"

"தெரியாம செஞ்சது. மாமா விதி, வண்டி மேல அவருக்கு அவ்வளவு ஆசை. அத நான் எப்பவோ விட்டுட்டேன்." அவள் பேன்ட்டை மறுபடி ஊசிக்கடியில் வைத்தாள். நூலைக் கோத்தாள். "எனக்கு இன்னும் ஒண்ணுதான் தெரியணும். அன்னைக்கு ஒரு ஞாயித்துக்கிழம, நீ வாசல்ல பின்சக்கரத்துக்கிட்ட குத்தவச்சு உக்காந்து, பிரஷ்ஷால என்னமோ பூசிட்டிருந்த. நான்தான் டீ கொண்டாந்து குடுத்தேன். அங்க என்ன இருந்துச்சுடா? எத மறைச்ச?"

கேட்டுவிட்டு அவள் பெடலை மிதித்தாள். கண் துணியில் இல்லை, அவன் முகத்தில் இருந்தது. தையல் கோணிக்கொண்டு ஓடியது. மோட்டாரின் அதிர்வு பலகை முழுக்கப் பரவ, எதிரில் இருந்த கருநீலக் கார் மெல்லக் குலுங்கி, நகர்ந்தது. சக்கரங்கள் எங்கும் உரசவில்லை. இரண்டு விரல்கடை போனது, பிறகு இன்னும் இரண்டு. பலகையின் விளிம்பை நோக்கி அது சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பதை இருவருமே பார்த்தார்கள். தம்பிக்காரனின் கை மடியிலேயே இருந்தது. அக்கா பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.