வீட்டில் தொழில் இல்லை

வெள்ளம் வடிந்து மூன்று நாளாகியும் வீடு தண்ணீருக்குள் இருப்பது போலவே இருந்தது. வாசலில் தேங்கிய நீரின் ஒளி கூடத்து மேற்கூரையில் அசைந்துகொண்டிருந்தது. பின்னறைத் தரையில் நூல்கண்டுகளின் சாயம் இறங்கி, சிவப்பும் நீலமும் மெதுவாக ஒன்றில் ஒன்று கரைந்தன.

இன்சூரன்ஸ் சர்வேயர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். முதலில் காரைப் பார்த்தார். ஸ்டீயரிங் உயரத்துக்குச் சேற்றுக்கோடு.

"தண்ணியில ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா சார்?"

"அவ்வளவு அவசரக்காரன் இல்ல நான்," என்றேன்.

"நல்லதாப் போச்சு. பண்ணியிருந்தா இன்ஜினுக்குக் கம்பெனியில தகராறு பண்ணுவாங்க. உங்களுது வெறும் தேர்ட் பார்ட்டி இல்ல, முழு பாலிசி. வெள்ளமும் அதுல வரும். வண்டி மொத்தமாப் போச்சுன்னே எழுதிடறேன்."

வீட்டுக்கு வேறு பாலிசி. சுவர், கதவு, கட்டில், ஃபிரிட்ஜ் என்று குறித்துக்கொண்டே போனவர் பின்னறை வாசலில் நின்றார். உள்ளே என் மருமகள் மூன்று தையல் மிஷின்களையும் சாய்த்து வைத்துத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் பெரிய மோட்டார் மிஷின்கள். என் மகனுக்கு வேலை போன பிறகு இந்த வீட்டில் அடுப்பு எரிவது அவற்றால்தான். அதை நான் வெளியில் சொன்னதில்லை.

சர்வேயர் பழைய விண்ணப்பத்தைப் புரட்டினார். வீட்டில் தொழில் ஏதும் நடக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று என் கையெழுத்து; அடியில் இரட்டைக் கோடு வேறு. எங்கள் வீட்டுப் பெண் கூலிக்குத் தைக்கிறாள் என்று எந்தக் கம்பெனிக்காரனும் படிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

"தொழில் சாமானுக்கு இதுல கிடையாது சார். தனியாச் சொல்லிச் சேர்த்திருக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "வீட்டுத் துணி தைக்கிறதுன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

மருமகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். மிஷினும் திரும்பிவிடும், மானமும் நிற்கும். எனக்குள் அந்த மூன்று மிஷின்களும் சேர்ந்து ஓடும் சத்தம் கேட்டது. இத்தனை காலம் மதியத் தூக்கத்தில் எங்கோ மழை பெய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சத்தம்.

"தொழில்தான்," என்றேன். "ஆறு வருஷமா. அதுலதான் நாங்க சாப்பிடறோம்."

"அப்ப மூணுக்கும் ஒண்ணும் வராது சார்."

"ஆறு வருஷமா வாயே திறக்கல," என்றாள் மருமகள். "இன்னைக்குப் பார்த்துத்தான் உண்மை பொங்கணுமா மாமா?"

"ஒரு தடவை பொய் எழுதினதுக்கே நீ அனுபவிக்கிற. இன்னொண்ணு எழுத மாட்டேன்மா. காருக்கு வர்றது உன்னோடது. மிஷின் வாங்கிக்க."

"நீங்க பஸ்ல போவீங்களா? கௌரவம் என்ன ஆகறது?"

குத்தலாகத்தான் கேட்டாள். ஆனால் துணியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"நின்னுக்கிட்டே போகும்," என்றேன்.

சர்வேயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனி வாங்கும் தொழில் சாமானுக்கான புது விண்ணப்பம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஈரமில்லாத ஒரே இடமான ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதத் தொடங்கினேன். மருமகள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"தையல்னு மொட்டையாப் போடாதீங்க மாமா. சீருடை தயாரிப்புன்னு போடுங்க."

அப்படியே போட்டேன். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுத்தெழுத்தாக, பெரிதாக எழுதினேன்.