பதினேழாம் மனை

மெர்வ் பெங்கெல்லி தன் வீட்டு வரைபடத்தை என் மேசையில் விரித்தார். தாள் மறுபடி மறுபடி சுருண்டுகொண்டது. ஒரு மூலையில் என் காப்பிக் கோப்பையை வைத்தார், இன்னொன்றில் தன் கார் சாவியை, மற்ற இரண்டையும் உள்ளங்கைகளால் அழுத்திக்கொண்டார். வலது கைத் தோல் இன்னும் பளபளப்பாக, இளஞ்சிவப்பாக இருந்தது. கையைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்தேன். மூன்று படுக்கையறை, கிழக்குப் பார்த்த சமையலறை, முன்னால் நீளமாக ஒரு வராந்தா. எரிந்துபோன வீடேதான்.

"எதையும் மாத்தவே இல்லையே மெர்வ்," என்றேன்.

"எதுக்கு மாத்தணும்? நோலா பாத்துப் பாத்துப் போட்ட பிளான்."

மெர்வ் எங்கள் ஊர் கெல்வாராவில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். என் மகள் பிரியோனி அந்தப் பேருந்தில் போய்வந்துதான் படித்து முடித்தாள். ஓய்வு பெற்றதும் அவரும் மனைவி நோலாவும் கேரிக் முகட்டில் பதினேழாம் மனையை வாங்கினார்கள். அங்கே மொத்தம் இருபத்தாறு மனை. ஏறிப்போக ஒரே சாலை, இறங்கவும் அதே சாலை. இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சரிந்து இறங்கும் தைலமரக் காடு. கவுன்சிலில் மனைத்திட்டங்களைப் பார்க்கும் அதிகாரி நான். அங்கே வீடு கட்ட விடக்கூடாது என்று பதினான்கு வருடங்களுக்கு முன் அறிக்கை எழுதியவளும் நான்தான். தீ வந்தால் ஒரு மரம் சாய்ந்தாலே போதும், மேலே இருக்கும் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள் என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

கவுன்சிலர்கள் அதிசயமாக அதை ஏற்று அனுமதி மறுத்தார்கள். மனை போட்டவர் மேல்முறையீட்டுக்குப் போனார். வீட்டுக்கொரு தண்ணீர்த் தொட்டி வைத்தால் ஆட்சேபணை இல்லை என்று தீயணைப்புத் துறை ஒரு பக்கக் கடிதம் அனுப்பியது. மாநில அரசின் ஆபத்துப் பகுதி வரைபடத்தில் கேரிக் முகட்டுக்கு நிறமே பூசப்படவில்லை. எங்கள் பகுதி வரைபடம் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார்கள். இரண்டாவது சாலை ஒன்றை 'உரிய காலத்தில்' போட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உத்தரவு வந்தால் கொடுத்தாக வேண்டும். அனுமதித் தாளில் என் கையெழுத்து. உரிய காலம் என்பது எந்தக் காலம் என்று யாரும் எழுதவில்லை. மனைகள் விற்று முடிந்ததும் அந்தக் கம்பெனியே கலைந்துபோயிற்று.

போன வருடம் பிப்ரவரியில், கோடையின் உச்சத்தில், மதியம் மூன்றரைக்குத் தீ முகட்டைத் தொட்டது. நான்கு மணிக்குச் சாலையில் மரம் சாய்ந்தது. மெர்வ் வீட்டைக் காப்பாற்றத் தண்ணீர்க் குழாயோடு நின்றார். நோலாவையும் நாயையும் காரில் அனுப்பிவிட்டிருந்தார். மரத்தைத் தாண்ட முடியாமல் நின்ற ஆறு கார்களில் அவளுடையது மூன்றாவது. ஆறு கார்களிலுமாகப் பதினோரு பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

விசாரணை ஆணையத்துக்கு ஒன்பதாம் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு போனேன். இப்போதாவது யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். அரசு வக்கீல் அனுமதித் தாளைத் திரையில் போட்டார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"யாராவது மிரட்டி வாங்கினாங்களா?"

"இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி நான்..."

"நன்றி. போகலாம்."

எண்ணூறு பக்கத்துக்கு வெளிவந்த ஆணையத்தின் அறிக்கை பொறுப்பை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்திருந்தது. அப்படிப் பகிர்ந்தபின் ஒருவர் பங்கிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. முகட்டு மனைகளை அரசே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பரிந்துரை இருந்தது. அரசு அதைக் கவனத்தில் கொண்டது. பாதிக்கப்பட்டவர்களை அலைக்கழிக்க மாட்டோம் என்று அமைச்சர் தொலைக்காட்சியில் சொன்னார். வீடு இழந்தவர்கள் அதே இடத்தில் கட்ட இனி எங்கள் அனுமதி தேவையில்லை. மனை எண்ணைச் சரிபார்த்து முத்திரை குத்தினால் போதும்.

"அங்க போகாதீங்க மெர்வ்," என்றேன். அதிகாரி சொல்லக்கூடாத வார்த்தை அது. "ரெண்டாவது ரோடு இன்னும் வரல. வரவும் வராது. காடு திரும்ப வளந்துடும். மறுபடி எரியும்."

"தெரியும். வேற எங்க போகச் சொல்ற? அந்த மனைய எவன் வாங்குவான்? அரசாங்கத்துக்கு மூணு கடுதாசி போட்டேன். கவனத்துல இருக்கேனாம்." சிரித்தார். "ஒன்றரை வருஷமா கேரவன் வண்டிக்குள்ள கெடக்குறேன் கிளெனிஸ். புரண்டு படுத்தா சுவத்துல இடிக்குது."

வரைபடத்தின் மேல் குனிந்தபடியே பேசினார். "உன்னோட ஒன்பதாம் பக்கத்தப் படிச்சேன். ஆணையத்தோட வெப்சைட்ல போட்டிருந்தாங்க. நல்லாத்தான் எழுதியிருக்க."

என் காப்பிக் கோப்பையைத் தாளின் ஓரத்துக்கு இன்னும் நகர்த்தினேன்.

"மனை வாங்குறதுக்கு முன்னாடி நோலா இங்க வந்து விசாரிச்சா. கவுன்சில்ல கேட்டுட்டேன், ஒண்ணும் இல்லன்னுட்டாங்கன்னு வந்து சொன்னா. யாருகிட்ட கேட்டான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இந்த இருக்கையில் எத்தனையோ பேர் உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

"என்கிட்டதான்," என்றேன்.

நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா என்று நோலா அன்று கேட்டாள். மழையில் நனைந்த கோட்டைக் கையில் மடித்துப் பிடித்திருந்தாள். தீர்ப்பாயம் முடித்துவைத்த விஷயத்தைப் பொதுமக்களிடம் பேசக்கூடாது என்று என் மேலாளர் எழுதி அனுப்பியிருந்தார். அறிக்கை எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எழுந்து நான்கு எட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். "எல்லா அனுமதியும் இருக்கு," என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. நோலா நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் மெர்விடம் சொன்னேன். மேலாளரின் உத்தரவையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போதே அதை விட்டிருக்கலாம் என்று தோன்றியது. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ கேட்டிருப்பா," என்றார் கடைசியில். "எதையும் கேக்காம செய்ய மாட்டா." வரைபடத்தை என் பக்கம் தள்ளினார். "குத்தும்மா. பின்னாடி ஆளுங்க நிக்குறாங்க."

குத்தினேன்.

மூன்று வாரம் கழித்து, எங்களிடம் மிச்சமிருந்த ஒரே வேலையாக, மரங்களுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை அளக்க முகட்டுக்குப் போனேன். கரிந்த மரங்களுக்கு அடியில் வாட்டில் எனும் காட்டு வேலமரக் கன்றுகள் இடுப்பு உயரத்துக்கு, நடந்து நுழைய முடியாதபடி நெருக்கமாக முளைத்திருந்தன. பதினெட்டாம் மனையில் யாரோ அடித்தளமே போட்டுவிட்டார்கள். மெர்வ் குச்சிகள் நட்டு, மஞ்சள் கயிறு கட்டி, வீட்டைத் தரையில் வரைந்து வைத்திருந்தார். அதன் நடுவே நின்றுகொண்டு கையசைத்தார். நான் அளவு நாடாவோடு கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

"அது சுவரும்மா," என்றார். "வாசல் இந்தப் பக்கம்."

சுற்றிக்கொண்டு போனேன். கயிறு விட்டிருந்த இடைவெளியில் நின்று, செருப்பில் ஒட்டிய கரிமண்ணைப் புல்லில் தேய்த்துத் துடைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. "பரவால்ல, உள்ள வா," என்றவர், என்னை உட்காரவைக்க ஒரு நாற்காலியைத் தேடுகிறவர்போல அந்த வெற்றுத் தரையைச் சுற்றிலும் பார்த்தார்.