எசோஹேயின் முடி

எசோஹே இத்தாலியில் இருந்த காலமெல்லாம் அவள் முடி சொந்த ஊரான பெனின் நகரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே முறை இது. வேலைக்கென்று கடல் தாண்டும் பெண்ணை முதலில் பூசாரி ஒகுண்டாயேயின் கோவிலுக்கு அழைத்துப்போவார்கள். ஒரு பிடி முடியும் நகத்துணுக்கும் வெட்டிச் சிவப்புத் துணியில் முடிவார்கள். செலவு செய்து அனுப்பும் மேடத்தின் கடன் தீருமுன் ஓடமாட்டேன், போலீசிடம் வாய் திறக்கமாட்டேன் என்று அவள் சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் பூசாரி பொட்டலத்துக்குத் தீ வைப்பார். அவள் முடி, தலையில் இருப்பதும் சேர்த்து, எங்கே இருந்தாலும் தீ தேடிப்போய்ப் பற்றும்.

மற்ற பொட்டலங்கள் சும்மா கிடந்தன. எசோஹேயினுடையது மட்டும், இத்தாலியின் டுரின் நகரச் சாலையோரத்தில் அவள் நின்ற முதல் குளிர்காலத்திலேயே பிதுங்கியது. அதற்குப் பயம்தான் எரு. அவள் தெரியாத காரில் ஏறும்போதெல்லாம் ஒரு சாண் வளர்ந்தது. பூசாரி வெட்டி வெட்டிக் கை சலித்து, ஆற்றில் கொட்டச் சொல்லி மனைவி இமாடேயிடம் மூட்டையைத் தள்ளுவார். இமாடே சந்தையில் பின்னல் போடுகிறவள். நல்ல முடியை ஆற்றில் விட அவளுக்கு மனம் வருமா? சில ஆண்டுகளில் சந்தையில் பாதித் தலைகளில் அதுதான் தொங்கியது.

ஒருநாள் எசோஹே போலீசிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் சிறைக்குப் போனாள். இவளை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "பத்தி எரியப்போறவள உள்ள விட்டா வீடு என்னடி ஆகும்?"

செய்தி பூசாரி காதுக்கு எப்போது எட்டுமோ என்று எசோஹே தலையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு திரிந்தாள். அடுப்புப் புகை வந்தால்கூடக் கை தலைக்குப் போகும். காத்திருந்து சாவதைவிட நேரே போய்ச் சாகலாம் என்று ஒரு காலையில் கோவிலுக்குப் போனாள்.

பூசாரி பொட்டலத்தை எடுத்து வைத்துத் தீக்குச்சியை உருவியபோது வாசல் இருண்டது. இமாடேயோடு சந்தைப் பெண்கள் நின்றார்கள். எல்லார் பின்னல்களும் நட்டுக்கொண்டு நின்றன. காலையிலிருந்து தலை கூசுகிறது என்று இமாடேயைத் திட்டிக்கொண்டே வந்திருந்தார்கள்.

"இவங்க தலையில இருக்கறது அந்த முடிதான்" என்றாள் இமாடே.

"ஆத்துல போடச் சொன்னேனேடி."

"ஆறா காசு குடுக்கும்? பத்த வைங்க. நாளைக்கு நம்ம பொண்ணு கல்யாணம். அவ தலையிலயும் இதுதான். கருகின தலையோட மாப்ள முன்னாடி நிக்கட்டும்."

"யோவ் பூசாரி, என் தலை பத்துனா உன் கோவிலும் பத்தும்" என்றாள் மிளகாய்க்காரி.

பூசாரி சத்தியத்தின் விதியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதில் ஓட்டையே இல்லை; அதுதான் சிக்கல். கடைசியில் குச்சியால் காதைக் குடைந்துகொண்டார்.

பொட்டலம் இப்போது இமாடேயின் கடையில் சீப்புகளுக்கு நடுவே இருக்கிறது. எசோஹே அங்கேயே பின்னல் போடுகிறாள். போன மாதம் அம்மாவும் வந்து, முன்னால் உட்கார்ந்து, அந்த முடியிலேயே பின்னிக்கொண்டு போனாள். பயம் போகவில்லை, அதனால் முடி வளர்வதும் நிற்கவில்லை. தெரியாத கார் ஒன்று சந்தையோரம் வேகம் குறைத்து நின்றால் அவள் விரல்கள் உறைகின்றன. சந்தை முழுக்கப் பின்னல்கள் எழுந்து நிற்கின்றன. பெண்கள் அளக்கும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவளைச் சுற்றி நின்று, கார் போகும்வரை கிழங்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.