மாலினாவின் மேய்ச்சலுக்கு எந்தத் தோட்டா

அந்த மே மாதம் எங்கள் சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் தேடினால் தோட்டா டப்பாதான் கையில் கிடைத்தது. ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, ஜன்னல் விளிம்பில் இரண்டு, பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு சலிக்கும் சல்லடைக்குள்ளே ஒன்று. துப்பாக்கிகள் மட்டும் பூட்டிய அலமாரியில் ஒழுங்காக நின்றன.

"இது வீடா, பட்டாளத்துக் கொட்டகையா?" என்று கத்தினேன்.

"சரியான தோட்டா இன்னும் சிக்கல, ஸீனியா. சிக்கட்டும், மிச்சத்த ஒதுக்கிடுறேன்," என்றான் மைரன். முப்பது வருஷமாக என் புருஷன்; எதையும் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

விஷயம் சின்னதுதான். கோஃபர், அதாவது மண்ணுக்குள் வளை தோண்டும் அணில். அதைச் சுடவேண்டும். ஆனால் எதற்காகச் சுடவேண்டும் என்பது சின்ன விஷயம் இல்லை. போன கோடையில் எங்கள் குதிரை கோசாக், குளத்து மேய்ச்சலில் ஓடும்போது ஒரு வளைக்குள் முன்னங்காலை விட்டு ஒடித்துக்கொண்டது. மிருக வைத்தியர் வந்து சேர நேரமாகும் என்றார்கள். அது வலியில் துடித்ததைப் பார்க்க முடியாமல் மைரனே பெரிய துப்பாக்கியை எடுத்து முடித்துவைத்தான். அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. இன்றுவரை அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை.

இப்போது மிச்சம் இருப்பது பெட்டைக் குதிரை மாலினா. வயிற்றில் கோசாக்கின் குட்டி, ஜூனில் பிறக்கவேண்டும். கொட்டகையில் உலர்ந்த புல் தீர்ந்துகொண்டே வந்தது. தண்ணீர் உள்ள மேய்ச்சல் எங்களுக்கு அது ஒன்றுதான். அங்கே போனால் கண்ட இடமெல்லாம் ஓட்டை.

"கோஃபர ஒழிச்சு, வளைய மூடினாத்தான் மாலினா வெளிய போவா. இன்னொரு குதிரைய என் கையால நான் சுட மாட்டேன்," என்று சொல்லிவிட்டான்.

இந்தப் பக்கத்தில் மைரனைவிடக் குறிபார்த்துச் சுடுகிறவன் கிடையாது. ஊர் கோஃபர் போட்டியில் வாங்கிய கோப்பைகள் நிலவறையில் தூசி படிந்து கிடக்கின்றன. அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த வசந்தத்தில் ஒன்றும் விழவில்லை. டுமீல் என்னும், மண் தெறிக்கும், கோஃபர் நிமிர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

"குழல் தேஞ்சுபோச்சு," என்றான். அது அவன் சின்ன வயதில் வாங்கிய இருபத்திரண்டு; எங்கள் பக்கம் துப்பாக்கியைக் குழலின் அளவைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நானும் நம்பினேன்.

குழல் தேய்ந்தால் என்ன வாங்குவது என்று கேட்கக் கூட்டுறவுக் கடையின் காப்பி மேசைக்குப் போனோம். எங்கள் ஊரில் பயிர், அரசியல், மூட்டுவலி எல்லாமே காலையில் அந்த மேசையில்தான் தீர்ப்பாகும். காப்பிக்கு யார் காசு என்று பகடை உருட்டி முடிவு செய்வார்கள். தோற்றவன் கடுப்பில் இருப்பான், ஜெயித்தவன் புத்தி சொல்வான்.

அன்று தோற்றவன் ஆர்வில், ஆனாலும் புத்தி சொல்ல முந்திக்கொண்டான். "இருபத்திரண்டே போதும்டா. விலை மலிவு, சத்தம் கம்மி. மெதுவா போற தோட்டா வாங்கு, கோஃபருக்குத் தெரியவே தெரியாது யாரு சுட்டான்னு," என்றான்.

"இவன் பேச்சக் கேக்காத," என்றார் எல்மர். ஊரிலேயே வயதானவர், யார் பேச்சையும் கேட்காதவர். "காஞ்ச தரையில இருபத்திரண்டு தெறிச்சுக்கிட்டுப் போவும். உன் வேலிக்கு அந்தப் பக்கம் என் மாடு மேயுது. பதினேழு வாங்கு. துளியூண்டு குண்டு, வேகமா போயி பட்ட எடத்துலயே தூளாயிடும்."

"காத்தடிச்சா அது பக்கத்து ஜில்லாவுக்குப் போவும்!" என்றான் ஆர்வில்.

"காத்தடிக்காத நாளா பாத்து சுடு!"

"இந்த ஊர்ல காத்தடிக்காத நாள் எதுய்யா?"

எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஆளுக்கொரு நியாயம், ஒவ்வொன்றும் கேட்கும்போது சரியாகவே இருந்தது. எல்மர் மாட்டை நினைத்துப் பதினேழையே வாங்கினோம், மேலே வைக்க, தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் புது ஸ்கோப்பும்.

புதுத் துப்பாக்கியிலும் கோஃபர் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தது.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்று கிண்டல் செய்தேன்.

மைரன் சிரிக்கவில்லை. "தோட்டா ஒத்துக்கல. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நாக்கு இருக்கு. ஒரு கம்பெனி தோட்டா இதுக்குப் பிடிக்கும், இன்னொண்ணு பிடிக்காது. அதான் தேடுறேன்." சொல்லிக்கொண்டே சட்டை நுனியால் ஸ்கோப் கண்ணாடியைத் துடைத்தான். "இந்தக் கண்ணாடியும் சரியில்ல. எப்பவும் மங்கலாவே இருக்கு."

துப்பாக்கிக்கு நாக்கு இருப்பது உண்மைதான், இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எந்த நாக்குக்கு எந்தத் தீனி என்பதில்தான் குழப்பம்.

கடையில் தோட்டா விற்கும் ஜோலீனிடம் போய் நின்றேன். "அம்மா தாயே, பதினேழுக்கு ஒரே ஒரு நல்ல தோட்டா சொல்லு."

"எதுக்கு வேணும்? உள்ள போயி வெடிக்கிறதா, ஊடுருவுறதா? கனம் கம்மியா, கொஞ்சம் கூடவா?"

"கோஃபர் சாகணும். அவ்வளவுதான்."

"எல்லாத்துலயும் சாகும் ஸீனியா, பட்டா."

பட்டால்! நான் பச்சை டப்பா, சிவப்பு டப்பா, மஞ்சள் டப்பா மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது மைரன்தான் ஓட்டினான். வண்டியின் முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சித் துடைத்துக்கொண்டே வந்தான். "எவ்வளவு பூச்சி பாரு," என்றான். பூச்சி எதுவும் இல்லை. கண்ணாடியில் விழுந்திருந்த பழைய கீறலைச் சொல்கிறானோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கொட்டகைக்குப் போனால் புல் அடுக்கில் தரைப்பலகை தெரிந்தது. மாலினா வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, பச்சை தெரிந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயிறு தொங்கிப்போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னிக்கே முடிவு கட்டணும். காகிதத்துல சுட்டுப் பாப்போம், எது ஒரே எடத்துல சேர்ந்து படுதோ அதான் தோட்டா. அப்புறம் பேச்சே கிடையாது."

குளத்து மண்கரைக்கு முன்னால் ஒரு வைக்கோல் கட்டை நிறுத்தி, நடுவில் கறுப்பு வட்டம் போட்ட காகிதத்தைக் குத்தினோம். வண்டியின் பின்பலகையைத் திறந்து, போன அறுவடை மசூர்ப் பருப்பை என் பழைய காலுறையில் கட்டி, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்தோம். அசைய வழியில்லை. அதிசயமாகக் காற்றும் இல்லை.

மைரன் சிவப்பு டப்பாவிலிருந்து ஐந்து தோட்டா சுட்டான். நான் போய்க் காகிதத்தை எடுத்துவந்தேன். ஒன்று மேலே, ஒன்று ஓரத்தில், மற்ற மூன்றைக் காணோம். மஞ்சளும் அப்படித்தான். பச்சை இன்னும் மோசம்.

"மூணுமே வேஸ்ட்," என்றான் மைரன். முகம் தொங்கிவிட்டது. "வேற கம்பெனிதான் பாக்கணும்."

"நகரு. நான் பாக்குறேன்."

"நீயா?"

"ஏன், என் அப்பா வீட்டுல கோஃபர் இல்லயா?"

புதுக் காகிதம் குத்திவிட்டு வந்து, அதே பச்சை டப்பாவிலிருந்து ஐந்தை எடுத்தேன். கண்ணை வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மங்கல் என்றானே? கண்ணாடியில் காகிதத்தின் சுருக்கம்கூடத் தெரிந்தது. யோசிக்காமல் ஐந்து தோட்டாவையும் நிதானமாகச் சுட்டேன்.

இந்த முறை மைரன் போனான். காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? உனக்கும் ஒண்ணுகூடப் படல! நான்தான் சொன்னேனே, தோட்டா சரியில்லன்னு!"

ஜெயித்த பையன் மாதிரிக் காகிதத்தை என்னிடம் நீட்டினான். கறுப்பு வட்டத்துக்குள், என் சுண்டுவிரல் நகத்தால் மூடிவிடலாம், ஐந்தும் ஒன்றாக ஒரே ஓட்டையாகக் கிழிந்திருந்தது.

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. சந்தோஷமாக இருந்தான். நாக்கு, காற்று, குழல், பூச்சி, மங்கல் என்று இத்தனை நாள் கேட்டதெல்லாம் மண்டைக்குள் முட்டி மோதி, ஒவ்வொன்றாக அடங்கியது. கடவுளே, நேற்று இந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் வந்தேனே! இந்தக் கையா அறுவடை இயந்திரத்தை ஓட்டப்போகிறது? கூடம் கோணல் என்று வேறு சிரித்தேன்.

ஆமாம், தோட்டாதான் சரியில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவன் நாளைக்கு நீல டப்பா வாங்குவான், மாலினா வேலிக்குள்ளேயே நிற்பாள்.

"மைரன், இத வானத்துக்கு நேரா பிடி."

"எதுக்கு?"

"பிடியேன்."

பிடித்தான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தான்.

"ஏதோ வெளிச்சமா ஒரு பொட்டு... தெரியுது," என்றான். "ஒண்ணா? மிச்சம்?"

"அஞ்சும் அதுலதான் இருக்கு."

ரொம்ப நேரம் கையை இறக்கவில்லை. மாலினா மட்டும் தூரத்தில் ஒருமுறை கனைத்தாள்.

"பூச்சின்னு நெனச்சேன்," என்றான் கடைசியில். "வண்டிக் கண்ணாடிய எத்தன தடவ தொடச்சிருப்பேன், ஸீனியா."

"வயசானா கண்ணுல திரை விழும். எல்மருக்கு எடுத்துவிட்டாங்களே, இப்ப ஊர்ல யாரு வீட்டுக்கு யாரு போறான்னு அவருக்குத்தான் மொதல்ல தெரியுது."

சிரிப்பான் என்று பார்த்தேன். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கோப்பைகளைக்கூட அவன் அப்படி வைத்துக்கொண்டதில்லை.

"சரி, பச்சை டப்பா," என்றான். "நீ சுடு. நான் மம்பட்டி எடுத்துட்டுப் பின்னால வர்றேன். ஓட்டை கண்ணுக்குத் தெரியலன்னாலும் காலுக்குத் தட்டுப்படும். மாலினா கால விட என் கால் போனாப் பரவால்ல."

"வாய மூடு, கிழவா," என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன்.

துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட்டேன். பருப்புக் காலுறையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். மேய்ச்சலின் மேற்குக் கோடியில்தான் கோஃபர் கூட்டம் அதிகம், வண்டியில் போகவேண்டும். மைரன் பையிலிருந்து சாவியை எடுத்து, ஒருதரம் கையில் குலுக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினான்.

பிறகு வண்டியைச் சுற்றி நடந்துபோய் என் இடத்தில் ஏறி உட்கார்ந்தான். இருக்கைப் பட்டைக்காக, இத்தனை வருஷம் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிய பழக்கதோஷத்தில், இடது தோளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். நான் குறுக்கே எட்டி, வலப்பக்கத்துப் பட்டையை இழுத்து மாட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பினேன்.