கொதித்து ஆறிய தண்ணீர்

முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவளுக்கு அங்கே வைத்த பெயர் வெந்நீர் சிஸ்டர். கத்தியோ கத்தரியோ, கொதிக்காத எதையும் அவள் நம்பியதில்லை. சுத்தம் சோறு போடும் என்பார்கள்; அவளுக்குப் பென்ஷனும் போட்டது. ஓய்வு பெற்றதும் அந்தக் கொதி வீட்டுக்குள் இறங்கியது. மருமகளுக்குத்தான் நாக்குத் தள்ளியது.

மருமகள் வேலை விஷயமாக மூன்று நாள் வெளியூர் கிளம்பும்போது, கண்ணாடித் தொட்டியில் இருந்த தன் தங்கமீனைக் காட்டி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அத்தை, தீனி மட்டும் போடுங்க. வேற எதையும் தொட வேணாம், சரியா?"

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வளர்க்கிற மீன். அதற்குப் பெயர்கூட உண்டு, தம்பி.

தொட வேண்டாம் என்றது அத்தைக்குச் சுருக்கென்றது. தொட்டியில் வேறு லேசாகப் பாசி. கை சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் காலை தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, தூசி விழாமல் மூடிபோட்டு ஆறவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பி, கிண்ணத்துக்கு மாற்றியிருந்த தம்பியை அதில் விட்டாள். இதைப் பார்த்தாவது அந்தப் பெண் ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்றிருந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், தம்பி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணிக்கு மருமகள் வந்துவிடுவாள். மீன் செத்தால் விஷயம் மீனோடு போகாது. இனி இந்த வீட்டில் எதையும் மாமியாரை நம்பி விடமாட்டாள்.

மூச்சுத் திணறுகிறவர்களை எத்தனையோ பேரைப் பார்த்தவள் அவள். இது அதேதான். ஆனால் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறவனுக்கு மூச்சுக்கு என்ன குறை?

ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கொதித்து ஆறியது. இரண்டையும் ஜன்னல் வெயிலில் வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நிறமில்லை, வாசனையில்லை, இரட்டைப் பிள்ளைகள்தான். முப்பது வருடத்தில் முதல்முறையாகக் குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். ருசியாக இருந்தது; அது வேறு எரிச்சல். கால் மணி நேரத்தில் குழாய்த் தண்ணீர்த் தம்ளரின் உட்பக்கமெல்லாம் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒட்டின. மற்றதில் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் அடுப்பு நினைவுக்கு வந்தது. தண்ணீர் கொதிக்க வெகுநேரம் முன்பே, விரல் பொறுக்கிற சூட்டிலேயே குட்டிக் குமிழிகள் கிளம்புமே! ஆவி என்றால் கொதிக்கும்போதல்லவா வர வேண்டும்? இத்தனை வருடம் பார்த்தும் அது என்னவென்று அவள் கேட்டதில்லை.

"அடிப்பாவி, காத்தா அது!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தண்ணீரில் கரைந்திருந்த காற்றைக் கிருமியோடு சேர்த்துத் துரத்திவிட்டு, திரும்பி வராதபடி மூடியும் போட்டிருக்கிறாள். அந்தப் பயத்திலும் கண்டுபிடித்த சந்தோஷம் அவளை விடவில்லை.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது, குளோரின் இருக்கும். துரத்தியதைத் திரும்ப அழைப்பதுதான் வழி. தொட்டியிலிருந்து ஒரு ஜக் மொண்டு, சூடான பாலை ஆற்றுவதுபோல் உயரத் தூக்கி, பாத்திரத்துக்குப் பாத்திரம் இருபது முறை ஆற்றி, ஓரமாக மெல்ல ஊற்றினாள். அடுத்த ஜக். அதற்கடுத்தது. தோள்பட்டை கெஞ்சியது.

மூன்றரைக்குத் தம்பி வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினான். நிறுத்தினால் மறுபடி மேலே வருவானோ என்று அவள் நிறுத்தவில்லை. கதவு திறந்தது.

மீனுக்குத் தானாகவே உடம்பு சரியில்லாமல் போனதாகச் சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"நான் தொட்டுட்டேம்மா. தண்ணியைக் கொதிக்கவச்சு மாத்திட்டேன். அதுல காத்தே இல்ல, பாவம், மூச்சு முட்டிப்போச்சு. மூணு மணி நேரமா ஆத்திக்கிட்டிருக்கேன்."

மருமகள் பையைக் கீழே வைத்தாள். குனிந்து தொட்டியைப் பார்த்தாள். பிறகு மாமியார் கையிலிருந்த ஜக்கைப் பார்த்தாள்.

"எனக்குக் கோவந்தான் அத்தை. அதை அப்புறம் வச்சுக்கிறேன். குடுங்க, நான் கொஞ்ச நேரம் ஆத்தறேன்."

பஸ் கம்பியைப் பிடித்து வந்த கை, இன்னும் கழுவவில்லை. வெந்நீர் சிஸ்டர் அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், ஜக்கை நீட்டினாள்.