நாத்தனார் முடிச்சு

வார்டில் இருந்த கிழவர் கன்னையா மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டார். மலேசியாவில், கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரி, எண்பத்து நான்காம் வருடம். உடலைத் துடைத்துக் கட்டும் வேலை தாதிப் பயிற்சியில் இருந்த மூன்று பெண்களிடம் வந்தது. சீதாலெட்சுமி மட்டும் திரைக்கு வெளியிலேயே நின்றாள். மறுநாள் காலை அவள் அண்ணனுக்குக் கல்யாணம். அண்ணன் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் போட வேண்டிய நாத்தனார் அவள்தான். பிணத்தைத் தொட்ட கையால் தாலியைத் தொடுவதா என்று அம்மா கேட்பாள். கேட்காவிட்டாலும் இவளே கேட்டுக்கொள்வாள்.

"நீ தொடாத லா, நாங்க பாத்துக்குறோம்," என்றாள் ஃபரீடா, மலாயில்.

அவர்களுக்கு ஆளுக்கொரு வழி இருந்தது. யார் இறந்தாலும் ஃபரீடா வேலை முடிந்ததும் நேரே கேன்டீனுக்குப் போவாள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் இரண்டு பொட்டலம் சாப்பிடுவாள். லாய் ஃபோங் எல்லா வேலையும் செய்வாள், முகத்தை மூடும்போது மட்டும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். சீன ஜாதகப்படி அவள் பிறந்த வருடத்துக்கு அது ஆகாதாம். சீதாவுக்குத்தான் ஒரு வழியும் அமையவில்லை. பாடப்புத்தகத்தில் உள்ளபடி செய்துவிட்டுப் போய்த் தூங்கிவிடுவாள்.

"சீதா, சரியா இருக்கா பாரு," என்று லாய் ஃபோங் திரையை விலக்கினாள்.

சொந்தம் என்று யாரும் வராத மனிதருக்கு அவர் முறைப்படி ஏதாவது செய்ய நினைத்திருக்கிறார்கள். முகப்பவுடரைக் குழைத்து நெற்றியில் மூன்று கோடு, நெடுக்காக. வாய் ஓயாமல் முருகனைக் கூப்பிட்ட கிழவருக்கு நாமம்! சீதாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அவர் குரல் நினைவுக்கு வந்தது. வலியில் துடிக்கும்போதும் "சாப்டியாம்மா?" என்று கேட்ட மனிதர். அவள் உள்ளே போய் அதைத் துடைத்தாள். அதே பவுடரை மூன்று விரலால் தொட்டுக் குறுக்காக இழுத்தாள். நெற்றி இன்னும் லேசாகச் சுட்டது. அழுகை வந்தது, அழுதாள்.

மாலையில் சுங்கை வே வீட்டில், குளித்துவிட்டு வந்தவளை உட்காரவைத்து அம்மா மருதாணிக் கிண்ணத்தை எடுத்தாள்.

"அம்மா, வார்டுல ஒருத்தர் இறந்துட்டாரு. நான்தான் அவருக்குத் திருநீறு பூசினேன்."

அம்மாவின் கை நின்றது. "இந்தக் கையாலயா?"

"ஆமாம்மா."

"அவருக்கு யாரும் இல்லையா?"

"யாரும் வரலம்மா."

வாசலில் அண்ணன் வாழைமரம் கட்ட ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா மருதாணியை உருட்டி மகளின் உள்ளங்கையில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். மூடிய அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டு, விடாமல் உட்கார்ந்திருந்தாள்.